ஒனோரேயின் பதினாறு பத்து

“ஏணிய எங்கடி வெச்ச?”

“சொல்ல மாட்டேன்.”

“அது என் வீட்டு ஏணி. எங்கப்பன் கையால செஞ்ச ஏணி!”

“தாத்தா செஞ்சாருங்கிறதுக்காக அதுல ஏறி தாத்தாகிட்டயே போய்ச் சேரணுமா? பிரஷர் பதினாறு பத்துப்பா! பதினாறு பத்து! அம்மாவுக்கு எவ்வளவு இருந்துச்சு, மறந்துட்டீங்களா?”

“உங்கம்மாவ எதுக்கு இழுக்கற? புறா பசியில கெடக்கு, இவ நம்பர் சொல்லிக்கிட்டு நிக்கறா.”

“புறாவுக்கு ரெஜிஸ் மாமா தீனி போடுவாரு.”

“அந்த மூஞ்சியப் பாத்தா போட்டிக்குப் போன புறா திரும்பி வருமாடி? பாதி வழியிலயே பெல்ஜியத்துக்குத் திரும்பிடும்!”

ஞாயிற்றுக்கிழமை மதியம். தெருவில் எல்லார் வீட்டு அடுப்பிலும் கோழி வெந்துகொண்டிருந்த நேரம். நான் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். துணி ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது. ஆனால் எங்கள் முற்றத்துக்கும் ஒனோரே வீட்டு முற்றத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு செங்கல் சுவர்தான். காது கேட்கிற பெண்பிள்ளை சும்மா நின்றால் நன்றாக இருக்காது, கையில் ஏதாவது வேண்டும்.

ஒனோரே ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ரோலான்ட் போன பிறகு அவருக்கு மிஞ்சியது பின்கட்டுக் கொட்டகையின் மேலே இருக்கும் புறாக்கூடு ஒன்றுதான். எல்லாம் பந்தயப் புறாக்கள். தெற்கே வெகுதூரம் தள்ளி, ஓர்லேயான் பக்கம் கொண்டுபோய்த் திறந்துவிட்டால் வீடு பார்த்துப் பறந்து வரும். முதலில் வருகிற புறாவைக் கூட்டு வாசலில் நின்று தானே கையில் வாங்க வேண்டும், வேறு யாரும் வாங்கக்கூடாது. “புறா வீட்டுக்கு வர்றதில்ல மதாம் லூசெட், கைக்குத்தான் வருது” என்பார் என்னிடம். அப்படிப்பட்டவரிடம் ஏணியைப் பிடுங்கினால் சத்தம் போடாமல் என்ன செய்வார்?

மகள் சபீனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆராஸ் நகரத்தில் வேலை, விவாகரத்தானவள், ஞாயிறுதோறும் வந்து அப்பாவின் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போவாள். ரோலான்ட் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதே மூளையில் ரத்தக் குழாய் வெடித்துச் சாய்ந்தவள். சபீன்தான் முதலில் பார்த்தாள், குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்ததாம். அதிலிருந்து அந்தப் பெண்ணுக்கு எல்லாருடைய கை மணிக்கட்டையும் பிடித்துப் பார்க்கிற வியாதி.

எங்கள் பக்கத்தில் ரத்த அழுத்தம் என்பது வானிலை மாதிரி. யாரைப் பார்த்தாலும் சௌக்கியமா என்று கேட்ட கையோடு “எவ்வளவு இருக்கு?” என்றும் கேட்போம். நூற்றிருபது, நூற்றறுபது என்று மில்லிமீட்டரில் இழுத்துச் சொல்ல இந்த நாட்டில் யாருக்கும் பொறுமை கிடையாது. பாதரசத்தைச் சென்டிமீட்டரில் எண்ணிக்கொண்டு பூஜ்யத்தைத் தூக்கிப் போட்டுவிடுவோம். பன்னிரண்டு எட்டு என்றால் நல்ல உடம்பு. பதினாறு பத்து என்றால் பக்கத்து வீட்டுக்காரி சூப் கொண்டுவருவாள். இருபது என்றால் உறவுக்காரர்கள் வீட்டின் விலையை விசாரிக்க ஆரம்பிப்பார்கள். டாக்டரும் அப்படித்தான் சொல்வார், கசாப்புக் கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார்.

செப்டம்பர் மாதத் தெருச்சந்தையில் ஒரு கடை மேசையில் இருந்துதான் சபீன் அந்த இயந்திரத்தை வாங்கி வந்திருந்தாள். கையில் பட்டையைச் சுற்றி, பொத்தானை அழுத்தினால் உறுமிக்கொண்டு காற்று ஏறும், இறங்கும், எண் வரும். கூட வந்த குறிப்புத் தாளில் எல்லாமே சீன எழுத்து. “நம்பர் நம்பர்தானே, அதுக்கு என்ன பாஷை?” என்றாள். முதல் தடவை ஒனோரேயின் கையில் கட்டியபோது பதினாறு புள்ளி பூஜ்யம், அதற்குக் கீழே பத்து புள்ளி ஒன்று. எண்ணுக்குப் பக்கத்தில் எறும்பு அளவில் ஏதோ மூன்று எழுத்து இருந்தது.

“இது என்ன எழுத்து?” என்று ஒனோரேகூடக் கேட்டார்.

“செஞ்சவன் பேரா இருக்கும்” என்றார் ரெஜிஸ்.

ரெஜிஸைச் சொல்லாமல் விட்டேனே. எதிர் வீடு. ரவுண்டானா பக்கத்தில் நாற்பது வருஷம் டயர்க் கடை வைத்திருந்தவர். சபீனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவர். வயிறு முன்னால் போகும், ஆள் பின்னால் போவார். ஒனோரேயும் அவரும் சிறு வயது முதல் சிநேகிதம், அதாவது சிறு வயது முதல் சண்டை. சபீன் ஊரில் இல்லாத நாளில் இயந்திரத்துக்கு அவர்தான் பொறுப்பு. சனிக்கிழமை சனிக்கிழமை வந்து, மூக்குக் கண்ணாடி போடாமல், கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு எண்ணை வாசிப்பார். புறாவுக்குத் தீனியும் அவர்தான். தன் வீட்டு ஏணியைத் தோளில் சுமந்து தெருவைக் கடந்து வருவார், வேலை முடிந்ததும் திரும்பச் சுமந்து போவார். விட்டுவிட்டுப் போனால் ஒனோரே ஏறிவிடுவார் என்று சபீன் உத்தரவு. பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலச் சுரூபம் மாதிரி ஒரு ஏணி வாராவாரம் தெருவில் போவதைப் பார்த்து எங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

அன்றைய சண்டை ஓர் ஒப்பந்தத்தில் முடிந்தது.

“பதினாலுக்குக் கீழ கொண்டுவாங்க, ஏணிய நானே கொண்டுவந்து சாத்தறேன்” என்றாள் சபீன்.

“சத்தியம்?”

“அம்மா மேல.”

“உங்கம்மாவ இழுக்காதேன்னேன்ல!” என்றார். ஆனால் ஒத்துக்கொண்டார்.

பழைய டாக்டர் ஓய்வெடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் ரொம்ப நாளாயிற்று. பித்தளைப் பலகை மட்டும் இன்னும் கதவில் இருக்கிறது, நகராட்சி மாதம் ஒருமுறை அதைத் துடைக்கிறது. புது டாக்டர் யாரும் எங்கள் ஊருக்கு வர மாட்டேன் என்கிறார்கள். ஆகையால் சபீனின் கைபேசித் திரையில்தான் டாக்டர். முதல் தடவை வந்தவர் இளவயது, பின்னால் துணி அலமாரி தெரிந்தது.

“எவ்வளவு இருக்கு மதாம்?”

“பதினாறு பத்து, டாக்டர்.”

“ஒரு தடவையா, எப்பவுமா?”

“எப்பவுமே. சாயங்காலம் பதினாறரைகூட வருது.”

“வயசு? … சரி. காலையில ஒரு மாத்திரை. உப்பக் குறைங்க.”

அவர் கேட்டதிலும் தப்பில்லை, இவள் சொன்னதிலும் தப்பில்லை. பதினாறு பத்து என்று கேட்ட எந்த டாக்டரும் அதைத்தான் எழுதியிருப்பார். அடுத்த தடவை திரையில் தாடிக்காரர் ஒருவர் வந்தார். “பதினஞ்சு ஒம்பதரை” என்றாள். “மெதுவா இறங்குது” என்று இன்னொரு மாத்திரை சேர்த்தார். அதற்கடுத்த தடவை ஒரு பெண் டாக்டர், சிறுநீர் பிரிய ஒரு மாத்திரை. மூன்று பேரும் நல்லவர்கள்தான். ஒருவர்கூட அவருடைய கையைத் தொட்டதில்லை, அவ்வளவுதான்.

மருந்துக்கடை மதாம் ஒருமுறை கூப்பிட்டாள்: “உள்ள வாங்க ஒனோரே, நான் ஒரு தடவ அளந்து பாக்கறேன்.”

“எங்க வீட்ல மெஷின் இருக்கு. அது புள்ளி போட்டுச் சொல்லுது. உங்களுது புள்ளி போடுமா?”

அவளுடைய இயந்திரம் புள்ளி போடாது. பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் ஒனோரே செய்த தவத்தை இந்தத் தெரு மறக்காது. சீஸை விட்டார். மாட்டுக்குழம்பில் உப்பை விட்டார். ரெஜிஸோடு சாயங்காலம் குடிக்கிற சின்னக் கோப்பை ஜின்னைக்கூட விட்டார், அதில் ரெஜிஸுக்கு மனத்தாங்கல். முற்றத்தில் நாற்காலி போட்டு மேலே கூட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாற்காலியில் இருந்து எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார்.

“என்ன ஒனோரே, சுவர் விழுந்துடாம பிடிச்சுக்கறீங்களா?” என்று கேட்டேன்.

“கண்ணு லேசா இருட்டுது. மாத்திரை வேலை செய்யுதுல்ல.”

“மூஞ்சி பிழிஞ்ச துணி மாதிரி இருக்கே.”

“உங்க பார்வைக்கு எல்லாமே துணிதான் மதாம் லூசெட்” என்றார். அந்த வாய் மட்டும் இறங்கவில்லை.

தெருவில் எல்லாரும் அதையேதான் சொன்னோம், மாத்திரை வேலை செய்கிறது என்று. பொய்யும் இல்லை. மாத்திரை வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

வசந்தம் வந்து பந்தயங்கள் தொடங்கிய சமயத்தில் ஒரு சனிக்கிழமை ரெஜிஸ் தெருவுக்கு வந்து கையைத் தூக்கிக் கத்தினார்: “பதிமூணு எட்டு! பதிமூணு எட்டு!” உதைபந்தாட்டத்தில் கோல் போட்டவன் மாதிரி. மறுநாள் சபீன் வந்து தானே அளந்து பார்த்தாள். பதின்மூன்று, எட்டு. அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு ஏணி வந்தது. இத்தனை மாதம் எங்கே இருந்தது என்று கேட்கிறீர்களா? என் நிலவறையில். வாயை மூடிக்கொண்டிருக்க என்னாலும் முடியும், ஒருமுறை.

சபீன் ஏணியைச் சாத்தினாள். கீழ்ப்படியில் யாரோ சிவப்பு நாடாகூடக் கட்டினார்கள். ஒனோரே கோட்டுப் போட்டுக்கொண்டு, தீனி டப்பாவைக் குலுக்கிக்கொண்டு ஏறினார். பாதியில் ஒரு நிமிஷம் நின்றார். “ரசிச்சு ஏறுறாரு பாரு” என்றார் ரெஜிஸ். மேலே போய்க் கூட்டைத் திறந்ததும் உள்ளே சிறகடிக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் அவர் இறங்கவே இல்லை, சபீன் கோழியை இரண்டு தடவை சூடு பண்ணினாள்.

பந்தயம் அடுத்த ஞாயிறு. புறாக்களைத் திறந்துவிட்டாயிற்று என்று சேதி வந்தது. ரெஜிஸ் கீழே நாற்காலியில், ஒனோரே ஏணியின் உச்சியில், நான் துணிக்கொடியில். ரொம்ப நேரம் வானம் சும்மா இருந்தது. பிறகு தெற்குப் பக்கம் ஒரு புள்ளி.

“சீமாட்டி!” என்றார் ஒனோரே. அவருடைய நீலப் பெட்டைக்கு அதுதான் பெயர். “சீமாட்டிதான் முதல்ல!”

அது வந்து கூட்டுக் கூரையின் உச்சியில் உட்கார்ந்துகொண்டது, உள்ளே இறங்காமல். பந்தயத்தில் அதன் தினுசே அப்படி. ஒனோரே தலையை அண்ணாந்து, ஒரு கையை மேலே நீட்டி, மறுகையால் டப்பாவைக் குலுக்கினார். “வா கண்ணு, வா வா” என்றார். எனக்குக் கடைசியாக ஞாபகம் இருப்பது டப்பா குலுங்குவது நின்றதுதான். வழுக்கவில்லை, தடுமாறவில்லை, கத்தவில்லை. ஏணியில் நின்றபடியே தூங்கிவிட்டவர் மாதிரி பின்னால் சாய்ந்தார். பட்டாணியும் சோளமும் முற்றமெல்லாம் தெறித்தன. சீமாட்டி இறங்கி வந்து அதைப் பொறுக்கியது.

மருத்துவமனைக்கு நானும் போனேன். அவருடைய செருப்பையும் இரவு உடுப்பையும் யாராவது கொண்டுபோக வேண்டுமே. இடுப்பெலும்பு, முதுகெலும்பு இரண்டும் என்று உள்ளே பேசிக்கொண்டார்கள். தாழ்வாரத்தில் சபீனும் ரெஜிஸும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். எலொடி என்று மார்பில் பெயர் குத்திய நர்ஸ் பெண் மாத்திரைப் பையோடு வந்தாள்.

“இந்த மூணையும் உங்கப்பாவுக்குக் கொடுத்தது யாரு?”

“டாக்டருங்கதான். ஏன்?”

“வந்தப்ப அவருக்கு எட்டு அஞ்சுதான் இருந்துச்சு மதாம். எட்டு இருக்கறவர ஏணியில ஏத்தினீங்களா?”

“எட்டா? போன வாரம் பதிமூணு எட்டு! அதுக்கு முன்னாடி பதினாறு! நானே அளந்தேன்!” சபீன் பைக்குள் கையை விட்டு இயந்திரத்தை எடுத்துவிட்டாள். அதை எங்கு போனாலும் தூக்கிக்கொண்டு போகிறவள்தானே.

நர்ஸ் அதை வாங்கித் தன் கையிலேயே கட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். உறுமியது. பதினைந்து வந்தது. அவள் முகம் மாறியது. “எனக்கு ஜென்மத்துல பன்னெண்டுக்கு மேல போனதில்ல” என்றாள். மருத்துவமனை இயந்திரத்தை உருட்டி வந்து மறுபடி அளந்தாள். அதில் நூற்றுப் பதின்மூன்று. அதாவது பதினொன்றும் சொச்சமும்.

“அப்ப இது ரிப்பேரு” என்றேன் நான்.

“இல்ல” என்றார் ரெஜிஸ். முதல் தடவையாக மூக்குக் கண்ணாடியைப் போட்டிருந்தார். இயந்திரத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு அந்த எறும்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ரிப்பேர் இல்ல. இது கிலோபாஸ்கல்.”

“என்னது?”

“டயருக்குக் காத்து அடிக்கிற மெஷின்ல, வட்டத்துக்குள்ள ரெண்டு வரிசை நம்பர் இருக்கும். வெளி வரிசை ‘பார்’ங்கிற கணக்கு. உள் வரிசை இது. ரெண்டு பாருன்னா இதுல இருநூறு.” குரல் தேய்ந்துகொண்டே போனது. “இது பாதரசக் கணக்கே இல்ல.”

நர்ஸ் விரலால் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். எழுத்து மாறியது, பதினைந்து நூற்றுப் பதின்மூன்று ஆயிற்று. “ஏழரையால பெருக்கணும்” என்றாள் மெதுவாக. “பதினாறு ஏழரை நூத்தியிருவது. நூத்தியிருவதுன்னா நம்ம பேச்சுல பன்னெண்டு.”

“அப்ப அப்பாவுக்கு…” என்றாள் சபீன்.

“ஆரம்பத்துலயே பன்னெண்டு ஏழரை இருந்திருக்கும். மாத்திரையே வேண்டியதில்ல.”

“பதிமூணு?”

“அது பத்துகூட இல்ல.”

பதினாறு பத்து என்று அது காட்டாமல் நூற்றுச் சொச்சம் காட்டியிருந்தால் யாராவது தலையைச் சொறிந்திருப்போம். எங்களுக்குப் பழகிய எண்களாகவே காட்டியது, அதனால் நம்பினோம். அந்தக் கணக்குக்குப் பேர் கொடுத்த பாஸ்கல் எங்கள் நாட்டுக்காரர்தான். பழைய ஐந்நூறு ஃபிராங்க் நோட்டில் நீள மூக்கோடு இருப்பார். எங்கள் தெருவில் ஐந்நூறு நோட்டைப் பார்த்தவர்கள் குறைவு, அதனால் அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது.

சபீன் ஞானத்தந்தையின் பக்கம் திரும்பினாள். “நாப்பது வருஷமா பாத்த எழுத்து மாமா உங்களுக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை கையில பிடிச்சுப் பாத்தீங்களே!”

“டயர்ல இருக்கும்னு தெரியும். ஒனோரே கையில இருக்கும்னு நான் என்னத்தக் கண்டேன்?”

“கண்ணாடி போட்டிருந்தா கண்டிருப்பீங்க!”

“வாங்கிட்டு வந்தது யாரு? நம்பருக்கு என்ன பாஷைன்னது யாரு?”

“எனக்கு அப்பா வேணும்னுதான் வாங்கினேன்!”

“எனக்கு மட்டும் வேணாமாடி?”

நர்ஸ் இரண்டு பேரையும் வெளியே போய்க் கத்தச் சொன்னாள். வெளியே போனார்கள், ஆனால் கத்தவில்லை. தாழ்வாரத்தில் கத்தியதுதான் அவர்கள் ஒருவரோடொருவர் கடைசியாகப் பேசியது.

யாரிடம் முறையிடுவது? சபீன் முயன்று பார்த்தாள். திரையில் நாலாவதாக ஒரு டாக்டர் வந்தார், வழுக்கை. முழுக்கக் கேட்டார். “ரொம்ப வருத்தமா இருக்கு மதாம். மாத்திரைய நிறுத்திடுங்க” என்றார். மாத்திரையை மருத்துவமனையில் எப்போதோ நிறுத்தியாகிவிட்டது. சந்தைக்காரன் அடுத்த செப்டம்பரில் வரவில்லை.

ஒனோரே பிழைத்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றும் திரும்பி வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று சபீன் கொஞ்ச நாள் ஆசைப்பட்டு, படிக்கட்டில் ஏறுகிற நாற்காலி வைக்க அளவெடுக்க ஓர் ஆளைக் கூட்டிவந்தாள். அவன் அளந்துவிட்டு, இந்தப் படி குறுகல், முடியாது என்றான். முடியாது என்று சொல்ல அவன் ஏன் அத்தனை தடவை வரவேண்டியிருந்தது என்று நான் அப்போதே யோசித்தேன். இப்போது சபீன் அவன் மனைவி, நாந்த் பக்கம் போய்விட்டாள். ஏணியை ஒளித்தவள் படியேறும் நாற்காலி விற்கிறவனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு ரெஜிஸைக் கூப்பிடவில்லை. அவரும் எதிர்ச்சுவரைப் பார்க்க முடியவில்லை என்று வீட்டை விட்டுவிட்டு டன்கெர்க்கில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். ஏணியை எடுத்துப் போகவில்லை.

ஒனோரே வீட்டை ஓர் இளஞ்சோடி வாங்கியது. கொட்டகையை இடித்துவிட்டு வெந்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள், ஞாயிறு மதியம் அதில் உட்கார்ந்து ஒயின் குடிக்கிறார்கள். புறாக்களைத் தூர்னேயில் இருந்து வந்த ஒரு பெல்ஜியக்காரர் கூடை கூடையாக வாங்கிப்போனார். அதில் சீமாட்டி மட்டும் ஒரு நாள் திரும்பி வந்தது. கூடு இருந்த இடத்துக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றி, கூரையின் மழைத்தண்ணீர்க் குழாய் விளிம்பில் உட்கார்ந்தது. தொட்டியில் இருந்த பெண், “ச்சீ, தண்ணியில எச்சம் போடும்” என்று துண்டை விசிறினாள். அது என் துணிக்கொடியில் ஓர் இரவு இருந்துவிட்டு, காலையில் எந்தப் பக்கமோ போய்விட்டது.

வியாழக்கிழமைகளில் நான் முதியோர் இல்லத்துக்குப் போய் ஒனோரேயைப் பார்ப்பேன். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். சீமாட்டி வந்ததைச் சொன்னேன். வாய் எதற்கு இருக்கிறது?

“யாராச்சும் கூட்டுக் கதவத் தெறந்தாங்களா?” என்று கேட்டார்.

“கதவு எங்க இருக்கு ஒனோரே? தொட்டிதான் இருக்கு.”

அவர் தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த நேரத்துக்கு எலொடி பட்டையோடு வந்தாள். மருத்துவமனையை விட்டு இந்த இல்லத்துக்கு வந்துவிட்டவள் அவள், இங்கே இரவு வேலை கிடையாதாம். காற்று ஏறியது, இறங்கியது. “பன்னெண்டு ஏழு!” என்றாள். “இருபது வயசுப் பையன் மாதிரி.” அவளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அடுத்த மாதம் ரூபேக்குப் போகிறாள். அவள் இடத்துக்கு யார் வருகிறார்களோ, எந்தக் கணக்கில் எண்ணுவார்களோ, இன்னும் தெரியவில்லை.